மாட்டுக்கு மேல்வரிசை முன்பல் ஏன் இல்லை? – கிரேக்கர் விளக்கத்தில் நோக்கமும் கட்டாயமும்

#1 · ஜனவரி 6 · இழையைத் தொடங்கியவர்

உயிர்களைப் பற்றிக் கிரேக்கர் எழுதியதில் இரண்டு கட்சி. எம்பெடோக்ளீஸ், டெமாக்ரிட்டஸ் ஒரு பக்கம்: எல்லாம் பொருளின் கட்டாயத்தால் நடக்கிறது. பிளேட்டோ, அரிஸ்டாட்டில் மறுபக்கம்: எல்லாம் ஏதோ ஒரு நோக்கத்துக்காக நடக்கிறது. பின்னவர்கள் ஜெயித்ததால்தான் உயிரியல் இரண்டாயிரம் ஆண்டு தேங்கிக் கிடந்தது. பொருந்தாதவை அழிந்தன, பொருந்தியவை தங்கின என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே சொன்ன எம்பெடோக்ளீஸ்தான் டார்வினுக்கு முன்னோடி. இதற்கு மறுப்பு இருந்தால் மூலத்தில் எங்கே என்று காட்டிப் பேசவும்.

#2 · ஜனவரி 6

பல் பற்றிய பத்தியிலிருந்தே தொடங்கலாம். அரிஸ்டாட்டிலின் 'இயற்பியல்', இரண்டாம் புத்தகம், எட்டாம் அத்தியாயம்.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தை அவரே எடுத்து வைக்கிறார். பயிர் வளரட்டும் என்று ஜீயஸ் மழை பெய்விப்பதில்லை. மேலே போன ஆவி குளிர்ந்தே ஆக வேண்டும், குளிர்ந்தது நீராகி இறங்கியே ஆக வேண்டும். பயிர் வளர்வது கூடவே நடப்பது. களத்தில் கிடக்கும் தானியம் மழையில் அழுகினால், அழுகட்டும் என்று மழை பெய்ததாக யாரும் சொல்ல மாட்டோம். அப்படியானால் பல்லும் அப்படித்தான் என்று ஏன் சொல்லக் கூடாது? முன்பல் கூராக, கிழிக்க வாகாக முளைத்தது; கடைவாய்ப் பல் அகலமாக, அரைக்க வாகாக முளைத்தது. இரண்டும் கட்டாயத்தால் வந்தவை, பொருந்தியது தற்செயல். எங்கெல்லாம் எல்லாம் பொருந்தி வந்ததோ அவை பிழைத்தன. மற்றவை, மனித முகம் கொண்ட மாட்டுக் கன்றுகளைப் போல, அழிந்தன.

டார்வின் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் பிந்தைய பதிப்புகளில் சேர்த்த வரலாற்றுக் குறிப்பில் இந்தப் பத்தியை எடுத்துக் காட்டுகிறார். ஆனால் எதிராளியின் வாதமாக வைக்கப்பட்டதை அரிஸ்டாட்டிலின் சொந்தக் கருத்தாகவே எடுத்துக்கொண்டு, இயற்கைத் தேர்வின் நிழல் இங்கே தெரிகிறது, ஆனால் அரிஸ்டாட்டிலுக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை என்கிறார். 'முன்னோடி' பேச்சு பெரும்பாலும் இந்தக் குறிப்பிலிருந்து கிளம்புவது. அதனால் அந்தக் குறிப்பை வைத்து எந்தக் கட்சிக்கும் மதிப்பெண் போட முடியாது.

#3 · ஜனவரி 6, இரவு

அரிஸ்டாட்டிலின் பதில் வாதம் என்ன என்று சொல்லாமல் விட்டால் #2 பாதிதான்.

பல் எப்போதும், அல்லது பெரும்பாலும், இப்படியே முளைக்கிறது. தற்செயலாக நடப்பது அப்படித் தவறாமல் நடக்காது. குளிர்காலத்தில் அடிக்கடி மழை பெய்தால் யாரும் தற்செயல் என்பதில்லை. கடுங்கோடையில் பெய்தால் என்போம். ஆகவே தவறாமல் பொருந்தி வருவது ஒன்றுக்காக வருகிறது. ஏறக்குறைய இவ்வளவுதான்.

வாதமாகப் பார்த்தால் இதில் ஓட்டை உண்டு. தவறாமல் நடப்பதெல்லாம் நோக்கத்தால்தான் என்று ஆகிவிடாது. கிரகணமும் தவறாமல் வருகிறது. கிரகணத்துக்கு நோக்கம் எதுவும் இல்லாமல் இருக்கலாம் என்று அவரே 'மெய்ப்பொருளியல்' எட்டாம் புத்தகத்தில் சொல்கிறார். அவருடைய பலம் இந்த அத்தியாயத்தில் இல்லை. 'விலங்குகளின் உறுப்புகள்' நூலில் இருக்கிறது.

#4 · ஜனவரி 7 · இழையைத் தொடங்கியவர்

ஓட்டை உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு எம்பெடோக்ளீஸ் தோற்றது எங்கே?

#5 · ஜனவரி 8

முதுகெலும்பில்.

'உறுப்புகள்' முதல் புத்தகம், முதல் அத்தியாயம். முதுகெலும்பு ஏன் துண்டு துண்டாக, முள்ளெலும்புகளாக இருக்கிறது? எம்பெடோக்ளீஸின் விடை: கருவில் உடல் முறுக்கிக்கொண்டபோது எலும்பு உடைந்தது. அரிஸ்டாட்டிலின் மறுப்பு இரண்டு பகுதி. ஒன்று, அப்படி உருவாகும் திறன் விதையில் முன்பே இருந்தாக வேண்டும். இரண்டு, பெற்றவர் முன்னால் இருக்கிறார், காலத்தாலும் முந்தியவர். மனிதன் மனிதனைப் பெறுகிறான்.

ஒவ்வொரு குழந்தைக்கும் முள்ளெலும்பு ஒரே வரிசையில், ஒரே இடங்களில் பிரிந்து வருகிறது. கருப்பையில் நடந்த முறுக்கல் விபத்து என்றால் ஆளுக்கொரு இடத்தில் அல்லவா உடைய வேண்டும்? எம்பெடோக்ளீஸிடம் இல்லாதது இதுதான்: ஒருமுறை பொருந்தி வந்தது அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகிறது என்பதற்கான விளக்கம். அவருடைய துணுக்குகளில் கழுத்தில்லாத தலைகள் முளைக்கின்றன, தோளில்லாத கைகள் அலைகின்றன, நெற்றியில்லாத கண்கள் திரிகின்றன. அவை சேர்கின்றன; சேர்ந்தவற்றுள் சில நிலைக்கின்றன. இது நடப்பது உலகின் ஒரு கட்டத்தில். தலைமுறைதோறும் சிறு வேறுபாடு, அது பிள்ளைகளுக்கு இறங்குவது, மெல்ல மெல்லச் சேர்வது, இந்த மூன்றும் இல்லாமல் இயற்கைத் தேர்வு இல்லை. கழிந்து போவது ஒன்றுதான் எம்பெடோக்ளீஸுக்கும் டார்வினுக்கும் பொது.

பரம்பரையின் கேள்வியை மேசையில் வைத்தவர் அரிஸ்டாட்டில். எம்பெடோக்ளீஸை முன்னோடி என்போர் கண்டிப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் இது.

#6 · ஜனவரி 8 · மற்றொரு வாசகர்

#1-இல் உள்ள 'இரண்டு கட்சி' என்பதே சரிதானா? அரிஸ்டாட்டில் கட்டாயத்தை மறுக்கிறாரா என்ன?

#7 · ஜனவரி 9

மறுக்கவில்லை. இந்த இழை முழுக்க நான் சொல்ல வருவதும் அதுதான். அவரிடம் கட்டாயம் இரண்டு விதமாக வருகிறது. எந்த இடத்தில் எது என்று பிரித்துப் படிக்காவிட்டால் எல்லாம் குழம்பும்.

முதல் விதம், நிபந்தனைக் கட்டாயம். ரம்பம் அறுக்க வேண்டும் என்றால் பல் இரும்பாக இருந்தே ஆக வேண்டும். கோடரி பிளக்க வேண்டும் என்றால் கடினமாக இருந்தாக வேண்டும். கடினம் என்றால் வெண்கலம் அல்லது இரும்பு. நோக்கம் முதலில், பொருள் அதற்குப் பின்னால். நோக்கம் இல்லையென்றால் இந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டாம் விதம், பொருளின் கட்டாயம். சூடானது மேலே போகும், ஈரம் குளிர்ந்தால் உறையும், கனமானது கீழே இறங்கும். இதற்கு நோக்கம் தேவையில்லை. அதுபாட்டுக்கு நடக்கும்.

வீட்டை எடுத்துக்கொண்டு 'இயற்பியல்' II.9-இல் (இரண்டாம் புத்தகம், ஒன்பதாம் அத்தியாயம்) இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். கல் கனமானது என்பதால் அடித்தளமாக அடியில் போயிற்று, மண் லேசானது என்பதால் மேலே வந்தது, மரம் இன்னும் லேசு என்பதால் உச்சிக்குப் போயிற்று என்று சொல்பவனைப் போலத்தான் வெறும் கட்டாயத்தால் விளக்குபவன். கல் இல்லாமல் சுவர் இல்லை, உண்மை. ஆனால் சுவர் நிற்பது உள்ளிருப்பதைக் காக்க.

#8 · ஜனவரி 11

கொம்பு. நூலில் இதைவிட வளமான இடம் இல்லை. 'உறுப்புகள்' III.2, பிறகு III.14. தலைப்பில் கேட்டதற்கு விடை இங்கேதான். படிப்படியாகப் போகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் விளக்கத்தின் வகை மாறுகிறது.

பெரிய விலங்குகளின் உடலில் மண்தன்மை கொண்ட கடினப் பொருள் தேவைக்கு மேல் சேர்கிறது. உடல் பெரிதாவதால் சேரும் மிச்சம் இது. சேர்வதற்கு நோக்கம் இல்லை; பொருளின் கட்டாயம். அது மேல்நோக்கிப் பாய்கிறது, அதுவும் கட்டாயத்தால். இங்கேதான் அவருடைய வாக்கியம் திரும்புகிறது: கட்டாயத்தால் அங்கே இருப்பதை இயற்கை ஒன்றுக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது. சில விலங்குகளில் பல்லும் தந்தமுமாக, சிலவற்றில் தற்காப்புக்குக் கொம்பாக.

கையிருப்பு ஒன்றுதான். கொம்புக்குக் கொடுத்தால் பல்லில் குறையும். அதனால்தான் கொம்புள்ள எந்த விலங்குக்கும் மேல்வரிசையில் வெட்டுப்பல் கிடையாது என்கிறார். மாடு, ஆடு, மான் எதன் வாயை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள்: கீழே வெட்டுப்பல் வரிசை, மேலே கெட்டியான ஈறு மட்டும்.

முன்பல் இல்லையென்றால் இரை சரியாக நறுங்காமல் உள்ளே போகும். நறுங்காததை ஒரே இரைப்பை செரிக்க முடியாது. ஆகவே நான்கு பைகள்: முதலில் பெரும்பை, அடுத்து வலைப்பின்னல் போல உள்சுவர் கொண்ட பை, பிறகு உள்ளே ஏடு ஏடாக மடிந்த பை, கடைசியில் செரிமானம் முடியும் பை. இரை ஒவ்வொன்றாகக் கடந்து போகிறது. இது நிபந்தனைக் கட்டாயம்: இந்த வாயோடு விலங்கு வாழ வேண்டும் என்றால் இந்த வயிறு இருந்தே ஆக வேண்டும்.

மொத்தச் சங்கிலியும் இப்படி ஆகிறது: பொருளின் கட்டாயம், அதன்மேல் நோக்கம், அந்த நோக்கத்தின் விலையாக ஓர் இழப்பு, அந்த இழப்பை ஈடுகட்ட நிபந்தனைக் கட்டாயம். இதை 'எல்லாம் நோக்கத்தால்' என்று சுருக்குவது அநியாயம்.

#9 · ஜனவரி 11, மாலை

மான் கொம்பு தனி. மாட்டுக் கொம்பு உள்ளே பொள்ளல், அதில் தலையிலிருந்து வரும் எலும்பு பொருந்தியிருக்கும். மான் கொம்பு முழுக்கக் கெட்டி, ஆண்டுதோறும் உதிரும். உதிர்வதற்கு இரண்டு காரணத்தையும் ஒரே மூச்சில் தருகிறார்: பாரம் குறைவதால் விலங்குக்கு நன்மை, கனத்தால் கட்டாயம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை.

#10 · ஜனவரி 12 · இழையைத் தொடங்கியவர்

பெண் மானுக்குக் கொம்பு இல்லை, ஆனால் மேல்வரிசை முன்பல்லும் இல்லை. ஒட்டகத்துக்குக் கொம்பே கிடையாது, ஆனால் பல பை வயிறு. உங்கள் சங்கிலி இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது.

#11 · ஜனவரி 13

நல்ல அடி. இரண்டையும் அவரே எடுத்துப் பேசுகிறார், விடை இரண்டும் ஒரே தரமில்லை.

பெண் மான்: ஆணும் பெண்ணும் ஒரே இயல்பு, இரண்டும் கொம்புள்ள வகையைச் சேர்ந்தவை, ஆகவே பல் இருவருக்கும் இல்லை. பெண்ணிடமிருந்து கொம்பு எடுக்கப்பட்டதற்குக் காரணம் அது உதவாதது. ஆணுக்கும் உதவாதது, வலிமை இருப்பதால் ஆணுக்குக் கேடு குறைவு. இது பலவீனமான விடை. பல்லுக்கான பொருள் கொம்புக்குப் போயிற்று என்றால், கொம்பில்லாத பெண்ணிடம் அந்தப் பொருள் எங்கே போயிற்று? கணக்கு இடிக்கிறது.

ஒட்டகம்: இங்கே விடை வலுவானது. ஒட்டகத்தின் தீனி முள்ளும் கட்டையுமாக இருப்பது. அதைச் செரிக்கப் பல பை வேண்டும். பல பை இருப்பதால் முன்பல் அவ்வளவு அவசியமில்லை. அந்தப் பொருளை இயற்கை கடினமான அண்ணத்துக்குச் செலவழித்தது, முள் குத்தாமல் இருக்க. பார்த்தீர்களா, சங்கிலியின் திசையே மாறிவிட்டது. மாட்டில் கொம்பிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து வயிற்றுக்கு. ஒட்டகத்தில் தீனியிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து அண்ணத்துக்கு. ஒரே விளைவுக்கு இரண்டு வழி இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது உடற்கூறைக் கையால் தொட்டவர் செய்வது.

தகவல் திருத்தம்: வளர்ந்த ஒட்டகத்துக்கு மேல்தாடையில் ஓரமாக ஒரு ஜோடி வெட்டுப்பல் உண்டு. வயிற்றிலும் இன்றைய கணக்குப்படி மூன்று அறை. மாட்டு வயிற்றின் பெரும்பையில் உண்மையில் நடப்பது நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்க வைப்பது. அது அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் மேல்வரிசை முன்பல் இல்லாமை, அசைபோடுதல், பல பை வயிறு மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும் என்று கவனித்தது இன்றும் நிற்கிறது.

#12 · ஜனவரி 13

குறைகாணும் கிரேக்கத் தெய்வம் மோமஸின் கதையும் III.2-இல்தான். எருதுக்குக் கொம்பைத் தலையில் வைக்காமல் தோளில் வைத்திருந்தால் குத்துக்குப் பலம் அதிகம் என்று ஈசாப் கதையில் மோமஸ் குறை சொல்கிறான். அரிஸ்டாட்டில் அதற்கு உட்கார்ந்து விடை எழுதுகிறார்: குத்துக்குப் பலம் மட்டும் போதாது, எட்டும் தூரமும் வேண்டும், தோளில் வைத்தால் பாரம், நடைக்கு இடைஞ்சல். கிண்டல் கதையைக்கூட வடிவமைப்புக் கேள்வியாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது.

#13 · ஜனவரி 16 · மற்றொரு வாசகர்

எல்லா உறுப்புக்கும் எதற்காக என்று விடை வைத்திருக்கிறாரா? அப்படியானால் எதையும் நிரூபித்துவிடலாமே.

#14 · ஜனவரி 17

இல்லை. பித்தத்தைப் பாருங்கள், 'உறுப்புகள்' IV.2.

பித்தம் எதற்காகவும் இல்லை, கழிவு என்கிறார். சில சமயம் இயற்கை கழிவையும் பயன்படுத்திக்கொள்ளும். அதற்காக எல்லாவற்றிலும் எதற்காக என்று தேடக் கூடாது. சில பொருள்கள் இப்படி இருப்பதால் வேறு சில கட்டாயத்தால் பின்தொடர்கின்றன. ஆதாரமாக ஒரு பட்டியலே தருகிறார்: குதிரை, கோவேறு கழுதை, கழுதை, மான், ஒட்டகம், டால்பின் இவற்றுக்கெல்லாம் பித்தப்பை இல்லை. யானையின் ஈரலிலும் இல்லை. இன்றைய அறுவையிலும் இந்த விலங்குகளுக்குப் பித்தப்பை கிடையாது.

பித்தம் கொழுப்பைக் கரைக்க உதவுகிறது என்பது இப்போது பள்ளிப்பாடம், ஆகவே முடிவு தவறு. பை இல்லை என்பதிலிருந்து பித்தமே இல்லை என்று போனதும் தவறு. குதிரைக்குப் பை இல்லாவிட்டாலும் பித்தம் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்கு ஒழுகுகிறது. ஆனால் முறை கவனிக்க வேண்டியது. இந்த உறுப்பு சில விலங்குகளில் இல்லை, அவை நன்றாகவே வாழ்கின்றன, ஆகவே இதற்கு நோக்கம் கற்பிக்காதே. நோக்கத்தைத் தள்ளுபடி செய்ய ஒரு சோதனை வைத்திருக்கிறார். எதையும் நிரூபிக்கலாம் என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது.

கண் நிறமும் இப்படித்தான். 'விலங்குகளின் பிறப்பு' ஐந்தாம் புத்தகத் தொடக்கம்: கண் ஒன்றுக்காக இருக்கிறது, கண் நீலமாக இருப்பது எதற்காகவும் இல்லை. கண்ணுக்குள் நீர் குறைவாக இருந்தால் நீலம், அதிகமாக இருந்தால் கருமை. ஓர் இனம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் மட்டும் கேள்வி மறுபடி திறக்கும்.

#15 · ஜனவரி 20

ஒரே உறுப்பை மூன்று பேர் விளக்குவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கண்ணிமை மயிர்.

சாக்ரடீஸின் சீடர் ஜெனோஃபன் காட்டும் சாக்ரடீஸ் ('நினைவுகள்' I.4): இமை கதவு, இமைமயிர் காற்றைத் தடுக்கும் சல்லடை, புருவம் தலையிலிருந்து வழியும் வியர்வையைத் தடுக்கும் இறவாரம். முன்பல் வெட்ட, கடைவாய்ப் பல் அரைக்க. உண்ணும் வாய் கண்ணுக்கும் மூக்குக்கும் அருகில், கழிவு வழி புலன்களுக்கு எட்டாத தூரத்தில். இத்தனையும் முன்யோசனையோடு செய்யப்பட்டது, ஆகவே செய்தவர் உண்டு. இங்கே கட்டாயம் என்ற பேச்சே இல்லை. எந்தப் பொருளால், எப்படி என்று ஒரு வரி கிடையாது.

அரிஸ்டாட்டில் ('உறுப்புகள்' II.15): நோக்கம் கிட்டத்தட்ட அதேதான். புருவம் இறவாரம்; இமைமயிர் அடைப்பின் முன்னால் நடும் முளைவேலி. ஆனால் அங்கே நிற்கவில்லை. தோல் முடியும் இடத்தில் சிறு இரத்தக் குழாய்களும் முடிகின்றன, அங்கே ஈரம் கசிகிறது. அந்த ஈரத்தை இயற்கை வேறு வேலைக்கு எடுக்காவிட்டால் மயிர் முளைத்தே ஆக வேண்டும். புருவம் எலும்புகள் கூடும் இடத்தில் இருக்கிறது, ஆகவே ஈரம் அதிகம், ஆகவே முதியவர் பலருக்குக் கத்தரிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. கடைசி வரியைக் கவனியுங்கள். வெறும் நோக்கத்தால் முதியவரின் புதர்ப் புருவத்தை விளக்க முடியாது. கட்டாயம் உள்ளே இருப்பதால்தான் நோக்கம் எங்கே மிஞ்சிப் போகிறது என்று சொல்ல முடிகிறது.

கேலன் (கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர், 'உறுப்புகளின் பயன்', 17 புத்தகங்கள், அதில் 11-ஆவது): கேள்வியையே மாற்றுகிறார். இமைமயிர் ஏன் தலைமயிர் போல நீளவில்லை, ஏன் நிமிர்ந்தே நிற்கிறது? ஏனென்றால் அது குருத்தெலும்பு போன்ற கெட்டித் தகட்டில் நடப்பட்டிருக்கிறது. மென்தசையில் நட்டிருந்தால் நிற்காது. கடவுளே ஆயிரம் முறை விரும்பினாலும் நிற்காது. இங்கே யூத மறையின் மோசேயைப் பெயர் சொல்லி மறுக்கிறார்: கடவுள் விரும்பினால் போதும், பொருள் உடனே ஒழுங்காகிவிடும் என்பது மோசேயின் நிலை, சில காரியங்கள் இயல்பிலேயே முடியாதவை, கடவுள் அவற்றை முயல்வதில்லை, முடிந்தவற்றுள் சிறந்ததைத் தேர்கிறார் என்பது எங்கள் நிலை என்கிறார். சதுப்பு நிலத்தில் வேலி நடும் மோசமான தளபதியின் உவமையும் அங்கே வருகிறது. எல்லாம் அணுக்களின் தற்செயல் என்ற எபிகூரஸைவிட மோசே மேல், ஆனால் பொருளின் கட்டாயத்தையும் சேர்த்துக்கொள்ளும் கிரேக்கர் வழி அதைவிட மேல் என்பது அவர் தீர்ப்பு.

#16 · ஜனவரி 20 · மற்றொரு வாசகர்

பிளேட்டோவை இந்த வரிசையில் எங்கே வைப்பீர்கள்?

#17 · ஜனவரி 22

கேலனுக்குப் பக்கத்தில். 'திமாயஸ்' உரையாடலில் மனம் கட்டாயத்தை வற்புறுத்தி இணங்க வைக்கிறது, முழுக்க ஜெயிப்பதில்லை. தலை சரியான எடுத்துக்காட்டு. தலைக்குத் தடித்த எலும்பும் நிறையத் தசையும் கொடுத்தால் மனிதன் இன்னும் பல காலம், வலியில்லாமல் வாழ்வான். ஆனால் தடித்த எலும்பும் தசையும் கூர்மையான உணர்வோடு சேர்ந்து வராது. இரண்டையும் ஒன்றாகத் தரப் பொருள் இடம் கொடுக்காது. படைத்தவர்கள் குறுகிய, மேலான வாழ்வைத் தேர்ந்தார்கள். மெல்லிய மண்டையோடு அந்தத் தேர்வின் விலை. உயிரியலில் இன்று 'ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது' என்று பேசுவோமே, அதன் தெளிவான வடிவம் இது.

பிளேட்டோவின் 'ஃபீடோ' உரையாடலில் இன்னொரு வேறுபாடு. சாக்ரடீஸ் சிறையில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் எலும்பும் தசைநாரும் என்று சொன்னால் அபத்தம்; இருப்பதே நல்லது என்று அவர் முடிவெடுத்ததுதான் காரணம். எலும்பும் நாரும் 'இல்லாவிட்டால் முடியாதவை'. முந்தைய தத்துவவாதி அனக்சகோரஸின் புத்தகத்தில் மனமே எல்லாவற்றையும் ஒழுங்குசெய்கிறது என்று கேட்டு ஆவலோடு வாங்கிப் படித்து, உள்ளே காற்று, நீர் என்றே இருந்ததில் ஏமாந்ததாகச் சாக்ரடீஸ் சொல்வதும் இங்கேதான்.

பிளேட்டோவிடம் படைப்பவர் வெளியே இருக்கிறார். அரிஸ்டாட்டிலிடம் இல்லை. கப்பல் கட்டும் கலை மரத்துக்குள்ளேயே இருந்தால் எப்படியோ, இயற்கை அப்படி; தனக்குத்தானே வைத்தியம் செய்துகொள்ளும் வைத்தியனைப் போல. நோக்கம் என்றாலே கடவுள் திட்டம் என்று எடுத்துக்கொண்டு அரிஸ்டாட்டிலைத் திட்டுபவர்கள் உண்மையில் ஜெனோஃபனைத் திட்டுகிறார்கள்.

#18 · ஜனவரி 23 · இழையைத் தொடங்கியவர்

டெமாக்ரிட்டஸை யாரும் தொடவில்லை. #1-இல் அவர் பெயரும் இருந்தது.

#19 · ஜனவரி 25

பால்பல் ஏன் விழுகிறது? டெமாக்ரிட்டஸ்: பாலுறிஞ்சுவதால் பல் காலத்துக்கு முன்பே முளைக்கிறது, அதனால் விழுகிறது. அரிஸ்டாட்டில் ('பிறப்பு' V.8): முன்பல்லின் வேலை வெட்டுவது, கூர் மழுங்கினால் வேலை நடக்காது, ஆகவே புதியது வர வேண்டும்; கூடவே, முன்பல் இருக்கும் இடத்தில் தாடை எலும்பு மெல்லியது, ஆகவே விழுவது கட்டாயமும்கூட. டெமாக்ரிட்டஸ் சொல்லும் கட்டாயத்தை அவர் பொய் என்று சொல்லவில்லை. அது உண்மை, ஆனால் ஒன்றுக்காக நடக்கிறது என்கிறார். கட்டாயத்தோடு நின்றுவிட்டால் அது, நீர்க்கோவை நோயாளியின் வயிற்றிலிருந்து நீர் வெளியேறியதற்குக் கத்தி மட்டும் காரணம், உடல்நலம் காரணமில்லை என்று சொல்வதைப் போல ஆகிவிடும் என்பது அவர் உவமை.

எபிகூரஸ் மரபு டெமாக்ரிட்டஸைவிடக் கூர்மையாகத் திருப்பியடித்தது. அந்த மரபின் ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் தன் நீள்கவிதையின் நான்காம் புத்தகத்தில்: பார்க்கட்டும் என்று கண் வரவில்லை, கண் வந்தது, பார்வை பிறந்தது. பேச்சுக்கு வெகு முன்பே நாக்கு வந்தது. அனக்சகோரஸ் கையைப் பற்றிச் சொன்னதும் அதே வாடை: கை இருப்பதால் மனிதன் அறிவாளி. அரிஸ்டாட்டில் தலைகீழாக்குகிறார்: அறிவாளி என்பதால் கை கொடுக்கப்பட்டது, குழல் வாசிக்கத் தெரிந்தவனுக்குக் குழலைக் கொடுப்பதுதான் முறை, குழல் வைத்திருப்பவனுக்கு வாசிப்பைக் கொடுப்பதல்ல. இந்த இடத்தில் எனக்கு அனக்சகோரஸ் பக்கம்தான் சாய்வு அதிகம். கருவி வந்த பிறகு அதற்கேற்ப அறிவு வளர்வதில் எந்த முரணும் இல்லை.

#20 · ஜனவரி 25

#2-இல் வந்த மழையை அப்படியே விட்டுவிட்டோம். குளிர்கால மழை தற்செயல் இல்லை என்றால், தற்செயல் இல்லாதது ஒன்றுக்காக என்றால், மழை பயிருக்காகப் பெய்கிறது என்று அரிஸ்டாட்டிலே ஒப்புக்கொள்கிறாரா? ஆய்வாளர்கள் டேவிட் ஃபர்லி 1985-இலும் டேவிட் செட்லி 1991-இலும் ஆம் என்று வாதிட்டார்கள். தாவரம் விலங்குக்காக, விலங்கு மனிதனுக்காக என்ற 'அரசியல்' முதல் புத்தகப் பத்தி அவர்களுக்குத் துணை. எனக்கு ஏற்பில்லை. உறுப்புகளைப் பேசும் நூல்களில் ஒரு விலங்கின் உறுப்பு அந்த விலங்குக்காகத்தான் என்றே ஏறக்குறைய எல்லா விளக்கமும் போகிறது.

#21 · ஜனவரி 29 · மற்றொரு வாசகர்

அவருக்குப் பிறகு அந்தப் பள்ளியிலேயே யாரும் எதிர்க்கவில்லையா?

#22 · ஜனவரி 30

அடுத்த தலைவரே. தியோஃப்ராஸ்டஸின் சிறு நூல், அதுவும் 'மெய்ப்பொருளியல்' என்றே வழங்குவது, எல்லாம் ஒன்றுக்காக, எதுவும் வீணில்லை என்பதற்கு எல்லை வேண்டும் என்று கேட்கிறது. கடல் ஏறுவதும் வடிவதும் எதற்காக? வறட்சி எதற்காக? ஆணுக்கு மார்க்காம்பு எதற்காக? மான் கொம்பு அவ்வளவு பெரிதாக இருப்பது எதற்காக, அதனால் கேடுதானே? கடைசிக் கேள்வி #11-இல் அரிஸ்டாட்டிலே தடுமாறிய இடம். மாணவர் சரியாக அங்கே கை வைத்தார்.

#23 · பிப்ரவரி 2

நோக்கம் பேசுவது சோதனையைக் கொன்றுவிடும் என்ற எண்ணம் #1-இல் உள்ளே ஓடுகிறது. சிறுநீர் பற்றிய கேலனின் சோதனை அதற்கு நேர் எதிர்.

நீர் ஆவியாகிச் சிறுநீர்ப்பையின் சுவர் வழியே உள்ளே கசிகிறது, சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் வீண் என்றார் முந்தைய மருத்துவர் அஸ்க்ளீபியாடிஸ். குழாய் ஒன்று அங்கே இருந்தால் அது எதற்கோ இருக்கிறது என்பது கேலனின் தொடக்கம். பிறகு செய்முறை ('இயற்கை ஆற்றல்கள்' I.13):

உயிருள்ள விலங்கின் வயிற்று உள்ளுறையைச் சிறுநீர்க்குழாய்களுக்கு முன்னால் கீறி, இரு குழாய்களையும் நூலால் இறுகக் கட்டு. விலங்கைக் கட்டுப்போட்டு விட்டுவிடு. அது சிறுநீர் கழிக்காது. பிறகு வெளிக்கட்டைப் பிரித்துக் காட்டு: பை காலி, குழாய்கள் வெடிக்கும் அளவுக்குப் புடைத்திருக்கும். நூலை அவிழ்த்தால் பை நிரம்புவது கண்ணுக்குத் தெரியும். விலங்கு சிறுநீர் கழிக்கும் முன் அதன் குறியைக் கட்டிவிட்டுப் பையை எல்லாப் பக்கமும் அழுத்து. ஒரு சொட்டும் சிறுநீரகத்துக்குத் திரும்பாது. கடைசியாக ஒரு குழாயை மட்டும் கட்டு: கட்டியது புடைக்கும், கட்டாதது வேலை செய்யும்.

கட்டு இறுகாவிட்டால் கசிந்து முடிவு குழம்பும். குறியைக் கட்டாமல் பையை அழுத்தினால் சிறுநீர் முன்வழியே போய்விடும், திரும்பவில்லை என்பது நிரூபணமாகாது. ஒவ்வொரு கட்டும் ஒரு தப்பும் வழியை அடைக்கிறது. விலங்குக்கு இது கொடுமை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் எதற்காக என்ற கேள்விதான் எங்கே கட்ட வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

#24 · பிப்ரவரி 3 · இழையைத் தொடங்கியவர்

சரி, 'இரண்டு கட்சி' என்பதை விட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று. இயற்கை எதையும் வீணாகச் செய்யாது என்பவர், பார்க்காத கண்ணை எங்கேயாவது கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

#25 · பிப்ரவரி 4

கண்டிருக்கிறார். மண்ணைக் குடைந்து வாழும் அகழெலி, நம் ஊர்ப் பெருச்சாளி இல்லை. 'விலங்குகளின் வரலாறு' IV.8. வெளியே பார்த்தால் கண்ணே இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் தடிப்பாக இருக்கும். அந்தத் தோலை உரித்தால் உள்ளே கண், எல்லாப் பகுதியோடும்: கருவிழி, அதன் நடுவே பாவை, சுற்றிலும் வெள்ளை. எல்லாம் மற்ற விலங்குகளைவிடச் சிறியவை. மூளையிலிருந்து இரண்டு வலுவான குழாய்கள் கண்குழிகளை ஒட்டிப் போவதையும் எழுதியிருக்கிறார். கரு உருவாகும்போதே கண் வளர்ச்சி நின்றுபோய், மேலே தோல் மூடிக்கொண்டது என்பது அவர் விளக்கம்.

இந்தக் கண் எதற்காக என்று அவர் சொல்லவில்லை. 'உறுப்புகள்' நூலில் இதை எடுக்கவும் இல்லை. வளர்ச்சி நின்றது என்றால் ஒன்றிரண்டு அகழெலியில் நிற்கலாம், குறைப்பிறவி என்று தள்ளிவிடலாம். இனம் முழுக்க, தலைமுறை தலைமுறையாக, ஒரே கட்டத்தில் நிற்கிறது. #3-இல் பல்லுக்குப் பயன்படுத்திய அளவுகோல், அதாவது தவறாமல் நடப்பது ஒன்றுக்காக நடக்கிறது என்பது, இங்கே அவருக்கு எதிராகவே திரும்புகிறது. பெற்றவரைப் போலப் பிள்ளை என்ற #5-இன் விடையும் உதவாது, பெற்றவருக்கும் கண் மூடித்தான் இருக்கிறது. முன்னோரில் ஒன்று பார்த்திருக்க வேண்டும் என்ற ஒரே வழி மிஞ்சுகிறது. இனங்கள் மாறுவதில்லை என்று வைத்திருந்தவருக்கு அந்த வழி அடைபட்டது. ஆனாலும் தோலை உரித்துப் பார்த்ததை உள்ளபடியே எழுதி வைத்தார்.

#26 · பிப்ரவரி 4 · மற்றொரு வாசகர்

படிக்க வரிசை ஒன்று போடுங்கள்.

#27 · பிப்ரவரி 5

'உறுப்புகள்' I.1, நிதானமாக. பிறகு II.15, III.2, III.14, IV.2. அதற்குப் பிறகுதான் 'இயற்பியல்' II.8-9, முதலில் அதைப் படித்தால் வாதத்தின் ஓட்டையோடு நின்றுவிடுவீர்கள். 'பிறப்பு' V.1-உம் V.8-உம். கேலனில் 11-ஆவது புத்தகத்தின் இமைமயிர்ப் பகுதி மட்டும் இப்போதைக்குப் போதும். III.2-ஐப் படிக்கும்போது ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருளின் கட்டாயமா, நிபந்தனைக் கட்டாயமா, நோக்கமா என்று குறித்துக்கொண்டே போங்கள். பெண் மான் வரும் இடத்தில் குறி போட முடியாமல் நிற்பீர்கள். அங்கே எழுதியதை இங்கே கொண்டுவந்து போடவும்.